வீட்டு முற்றத்தில் ஒரு படகு



பஞ்சபூதத் தலங்களுள் நெருப்புக்குரியது திருவண்ணாமலை, நீருக்குரியது திருவானைக்கா. நெருப்புக்குரிய ஊரில் வாழ்கின்ற ஒருவன் நீரில் செல்லும் படகைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். எங்கள் ஊருக்கு அடையாளம் 2,668 அடி உயர்ந்து நிற்கும் மலை. கடலைக் காண வேண்டுமானால் கிழக்கே புதுச்சேரி வரையில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் செல்ல வேண்டும். ஆகவே, சென்ற கோடையில் நான் என் வீட்டு முற்றத்தில் ஒட்டுப்பலகைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு படகு கட்டத் தொடங்கியபோது, தெருவோடு சென்றவர்கள் நின்று, “இனிமேல் கிரிவலத்தைப் படகில்தான் செய்யப் போகிறீர்களா?” என்று கேட்டதில் வியப்பில்லை. அவர்களுக்கு அன்று சிரிப்பையே விடையாக அளித்தேன். உரிய விடையை இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், மிதவை கட்டும் கலை எங்கள் ஊருக்கு முற்றிலும் அயலானது அன்று. கார்த்திகைத் தீபம் முடிந்த மறுநாள் முதல் ஐயங்குளத்தில் தெப்பத் திருவிழா நடைபெறுகின்றது. பீப்பாய்களையும் மரங்களையும் பிணைத்து, மேலே பலகை பாவி, மண்டபம் எழுப்பி, அதில் இறைவனை எழுந்தருளச் செய்கின்றார்கள். இருநூறு லிட்டர் கொள்ளும் இரும்புப் பீப்பாய் ஒன்று முழுதும் நீரில் அமிழ்ந்தால் 200 கிலோ நீரை விலக்கும். அதன் சொந்த எடையைக் கழித்தால், ஏறக்குறைய 180 கிலோ பாரத்தை அது தாங்கும் என்று கொள்ளலாம். குளக்கரையில் நின்று வணங்குவோர் இந்தக் கணக்கை எண்ணுவதில்லை. ஆனால் தெப்பத்தைக் கட்டுகிறவர்கள் எண்ணியே ஆக வேண்டும். ஊருக்கு அருகிலேயே ஓர் ஏரிக்குச் சமுத்திரம் என்று பெயர் வைத்தவர்களும் நம் முன்னோர்களே. அண்டை மாவட்டமாகிய தருமபுரியின் ஒகேனக்கல்லில், மூங்கிலைப் பின்னி, அடியில் நீர் புகாத உறையிட்டு, காவிரியின் சுழல்களுக்கிடையே பரிசல் ஓட்டுகிறார்கள். கடலில்லாத நாட்டிலும் நீர் உண்டு. நீர் உள்ள இடத்தில் அதன்மேல் செல்லும் வழியும் உண்டு.

இனி, தமிழர் படகு கட்டிய முறையைச் சிறிது நோக்குவோம். நாம் ‘வீடு கட்டுதல்’ என்கிறோம். ‘கப்பல் கட்டுதல்’ என்றும் சொல்கிறோம். கப்பலைப் பொறுத்தவரையில் அச்சொல் வெறும் வழக்கன்று, உள்ளபடியே கட்டுதல்தான். மரங்களை வரிசையாக வைத்துக் கயிற்றால் இறுகக் கட்டினால் அது கட்டுமரம். ஆங்கிலேயர் அச்சொல்லைத் தம் மொழியில் சேர்த்துக்கொண்டு, இன்று உலகமெங்கும் இரட்டை உடற்படகுகளுக்கு அதனையே பெயராக வழங்குகின்றனர். சென்னைக்குத் துறைமுகம் அமைவதற்கு முன், நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து மக்களையும் பண்டங்களையும் அலைகளின் ஊடே கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகளை ஆணி அடித்து இணைக்கவில்லை. விளிம்புகளில் துளையிட்டுக் கயிற்றால் தைத்தார்கள். ஆணி அடித்த விறைப்பான படகு அலையின் மோதலில் பிளந்துவிடும்; தைத்த படகோ அலைக்கு நெகிழ்ந்து கொடுத்துத் தப்பிக்கும். 

அந்தத் தையல் முறைக்கு உறவான ஒன்று 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தலைகாட்டியது. ஜாக் ஹோல்ட் என்னும் படகு வடிவமைப்பாளரும், வீட்டு வேலைகளைத் தாமே செய்துகொள்ளத் தொலைக்காட்சியில் கற்றுக்கொடுத்து வந்த பாரி பக்நெல் என்பவரும் சேர்ந்து ஒரு சிறு படகை வகுத்தார்கள். ‘டெய்லி மிரர்’ என்னும் நாளிதழ் அதற்கு ஆதரவளித்ததால் அது ‘மிரர்’ படகு என்றே பெயர் பெற்றது. மெல்லிய ஒட்டுப்பலகைகளின் விளிம்புகளில் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளின்மேல் கண்ணாடி இழை நாடாவைப் பிசினால் ஒட்டிவிட்டால் படகு ஆயிற்று. தச்சுத் தொழில் அறியாத குடும்பத்தினரும் தம் வீட்டிலேயே அதைச் செய்ய முடிந்தது. இதுவரை எழுபதாயிரத்திற்கு மேற்பட்ட மிரர் படகுகள் தோன்றியிருக்கின்றன.

அதற்கும் முன்னர், 1947-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் கிளியர்வாட்டர் என்னும் ஊரில் கிளார்க் மில்ஸ் என்ற படகுக் கட்டுநர் சிறுவர்களுக்காக ஒரு படகை வரைந்தார். அவருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள் எளிமையானவை: செலவு ஐம்பது டாலருக்குள் இருக்க வேண்டும், எட்டடி நீளமுள்ள இரண்டு ஒட்டுப்பலகைகளுக்குள் அது அடங்க வேண்டும். பெட்டியைப் போல மூக்கு மழுங்கிய அந்தப் படகுக்கு ‘ஆப்டிமிஸ்ட்’ என்று பெயர். இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர் சிறுமியர் அதில் பாய்விரித்துப் பழகுகின்றனர். இரண்டு பலகைகளுக்குள் ஒரு படகு அடங்கும் என்ற அந்தச் செய்திதான் எனக்குத் துணிவு தந்தது.

நிற்க. நான் படகு கட்ட விரும்பியதற்கு வேறொரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே செல்வது முறையாகாது.

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஆசிரியனாகப் பணியாற்றிய ஊர் ஒன்றில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் விடுமுறை நாளில் ஏரியில் மூழ்கி இறந்தான். மழைக்குப் பின் நிரம்பிய ஏரி. கரையிலிருந்து பத்தடி தூரத்தில் மண் எடுத்த பள்ளம். அவனுக்கு நீந்தத் தெரியாது. பள்ளி திறந்த அன்று வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே கோடிட வேண்டியதாயிற்று. அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் அப்போது என் மேசைமேல் இருந்தன. அவனுடைய தாளை எடுத்துப் பார்த்தேன். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை எழுதுக என்ற வினாவுக்கு ஒரு சொல்லும் பிழையாமல் விடை எழுதி, முழு மதிப்பெண் பெற்றிருந்தான். 

நேயர்களே, அந்த விடைத்தாளை நான் மறக்கவில்லை. நீரில் அமிழும் பொருளின்மீது அது விலக்கிய நீரின் எடைக்குச் சமமான விசை மேல்நோக்கிச் செயற்படுகின்றது என்று எழுதத் தெரிந்த சிறுவனுக்கு, மூச்சை இழுத்து நெஞ்சை நிரப்பிக்கொண்டு மல்லாந்து கிடந்தால் தன் உடலும் மிதக்கும் என்பது தெரியவில்லை. இரண்டும் ஒரே பாடந்தான். ஒன்று தாளில் இருந்தது. மற்றொன்று உடம்புக்கு வந்து சேரவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர். அவர்களுள் பெரும்பங்கினர் இளவயதினர் என்பதை எண்ணும்போது, இது வெறும் எண்ணாகத் தோன்றுவதில்லை.

ஓய்வு பெற்ற பின் என் பேரன் விடுமுறைக்கு வந்து தங்கினான். பதின்மூன்று வயது. அவனுக்கு அந்தப் பாடத்தைத் தாளின் வழியாக அல்லாமல் கைகளின் வழியாகவும் உடம்பின் வழியாகவும் கற்பித்துப் பார்ப்பது என்று உறுதி கொண்டேன். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் நெறி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. பெட்டி எங்களுக்குத் தெரியும், படகு தெரியாது. ஆகவே, பெட்டியிலிருந்து தொடங்கினோம். இரு முனைகளும் சற்று மேல்நோக்கி வளைந்த, தட்டையான அடியுடைய, எட்டடி நீளப் பெட்டி என்று எங்கள் படகைக் கருதலாம். அகலம் மூன்றடி, பக்கங்களின் உயரம் பதினைந்து அங்குலம்.

பலகையைத் தேர்ந்தெடுப்பதில் புதியவர் கருத்தூன்ற வேண்டும். கடைகளில் ஒட்டுப்பலகை பல தரங்களில் கிடைக்கின்றது. மேசைக்கும் அலமாரிக்கும் பயன்படும் சாதாரணப் பலகையை நீரில் இட்டால், சில நாட்களில் அதன் மடிப்புகள் புத்தகத் தாள்களைப் போலப் பிரிந்துவிடும். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் பொறித்த கடல்தரப் பலகையே படகுக்கு ஏற்றது. எட்டடிக்கு நாலடி அளவில், ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு பலகைகள் வாங்கினோம். ஒரு பலகையில் அடிப்பாகமும், மற்றொன்றில் இரு பக்கங்களும் முனைப் பலகைகளும் அடங்கின. பழங்காலத்துப் படகுக் கட்டுநர் இலுப்பையையும் புன்னையையும் வேம்பையும் நாடினார்கள். அந்த மரங்களை அறுத்து, உலர்த்தி, வளைத்துக் கட்டுவது தலைமுறை தலைமுறையாக வந்த கைத்திறன். முதன்முதலாகக் கட்டுகிறவனுக்கு ஒட்டுப்பலகையே தக்கது.

எங்கள் தெருவில் கதவு, சன்னல், கட்டில் செய்யும் ஆசாரி ஒருவர் இருக்கிறார். அவரைத் துணைக்கு அழைத்தேன். முதலில் அவர் தயங்கினார். 

“கதவில் இடுக்கு விழுந்தால் காற்றுதான் வரும். இதில் விழுந்தால் தண்ணீர் வருமே, ஐயா!” என்றார். 

“அதனால்தான் உங்களை அழைத்தேன், ஆசாரியாரே” என்றேன். அதன் பின்னர் அவர் மறுக்கவில்லை.

வளைவுகளை வரைய அவர் கையாண்ட முறை எளியது. மெல்லிய மூங்கில் பட்டை ஒன்றை எடுத்து, குறித்த புள்ளிகளில் சிற்றாணிகளை அடித்து, பட்டையை அவற்றின்மீது சாய்த்தார். மூங்கில் தானாகவே சீராக வளைந்தது. அதை ஒட்டிப் பென்சிலால் கோடிட்டார். கணக்கினால் வரைந்த வளைவில் ஒரு புள்ளி பிசகியிருந்தால், மூங்கில் அவ்விடத்தில் ஆணியைத் தொடாமல் விலகி நின்று அதைக் காட்டிக்கொடுத்தது. கப்பற் கட்டுந்துறைகளிலும் வளைகோல் கொண்டு இவ்வாறே கோடிடுவார்கள் என்று நான் படித்திருக்கிறேன். ஆசாரியார் படித்ததில்லை, ஆனால் செய்தார்.

பலகைகளை அறுத்தபின், விளிம்பிலிருந்து அரை அங்குலம் விட்டு, ஆறு அங்குலத்திற்கு ஒன்றாகத் துளைகள் இட்டோம். செப்புக் கம்பித் துண்டுகளைக் கோத்து முறுக்கத் தொடங்கினான் பேரன். தட்டையாகக் கிடந்த பலகைகள் ஒவ்வொரு முறுக்குக்கும் சிறிது சிறிதாக எழுந்து, நண்பகலுக்குள் படகின் உருவம் பெற்றன. அணியம் எது, கடையால் எது என்று பேரன் அப்போதுதான் கேட்டான். படகின் முன்புறத்தை அணியம் என்றும் பின்புறத்தைக் கடையால் என்றும் நம் கடற்கரை மக்கள் வழங்குகிறார்கள் என்று சொன்னேன். அவ்விரு சொற்களையும் அவன் பென்சிலால் உரிய இடங்களில் எழுதிவிட்டான்.

இந்நிலையில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. படகு கோணாமல் இருக்கிறதா என்பதை அறிய, முன்னிடப் பக்க மூலையிலிருந்து பின்வலப் பக்க மூலை வரையிலும், முன்வலப் பக்க மூலையிலிருந்து பின்னிடப் பக்க மூலை வரையிலும் அளந்து பார்க்க வேண்டும். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் சமம் என்பது ஏட்டில் உள்ள செய்தி. எங்கள் படகில் அவை முக்கால் அங்குலம் வேறுபட்டன. இரண்டு கம்பிகளைத் தளர்த்தி, மூலையை மெல்லத் தள்ளி, மீண்டும் அளந்தோம், சமமாயின. பிசின் இட்ட பின்னர் இதைச் செய்ய இயலாது. கோணிய படகு நேரே செல்லாது; துடுப்புப் போடுகிறவன் வாழ்நாள் முழுவதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மூட்டுகளை நிரப்ப எபாக்சிப் பிசினைப் பயன்படுத்தினோம். பிசினோடு அதன் உறைபொருளைச் சொல்லிய அளவில் கலந்து, ஆசாரியாரின் பட்டறை மரத்தூளைச் சலித்துச் சேர்த்து, இட்லி மாவின் பதத்திற்கு மேல் சற்றே கெட்டியாகப் பிசைந்து, உட்புற மூலைகளில் வைத்துக் கரண்டியின் முதுகால் வழித்தோம். எங்கள் ஊர் வெயிலில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. வெப்பம் மிகுந்தால் இப்பிசின் விரைவில் இறுகும். ஆழமான பாத்திரத்தில் மொத்தமாகக் கலந்து வைத்தால் தானே சூடேறிப் புகையும். ஆகவே, விடியற்காலையில், அகன்ற தட்டில், சிறிது சிறிதாகக் கலந்துகொண்டோம். கைகளுக்கு உறை அணிவதும், காற்றோட்டமான இடத்தில் செய்வதும் கட்டாயம். மூட்டின்மேல் கண்ணாடி இழை நாடாவை ஒட்டி, உலர்ந்தபின் செப்புக் கம்பிகளை வெட்டி நீக்கி, வெளிப்புற மூட்டுகளையும் அவ்வாறே மூடினோம். பலகையின் அறுத்த விளிம்புகள் நீரைத் திரியைப்போல உறிஞ்சும். அவற்றுக்குப் பிசினை மும்முறை பூச வேண்டும். பின்னர் மேல்விளிம்புச் சட்டம், இரண்டு இருக்கைகள், உப்புத்தாள் கொண்டு தேய்த்தல், வண்ணப் பூச்சு ஆகியவை. நாள்தோறும் காலையில் இரண்டு மணி நேரம் செய்து, பள்ளி திறப்பதற்குள் வேலையை முடித்தோம்.

இனி, கணக்கு. இதைப் பெற்றோரும் ஆசிரியரும் சிறுவர்களோடு அமர்ந்து செய்துபார்க்க வேண்டும். படகின் அடியில் நீரைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 7 அடி நீளம், 3 அடி அகலம் என்று கொள்வோம். ஆக 21 சதுர அடி. படகு ஓர் அங்குலம் அமிழ்ந்தால் 21-ஐ 12-ஆல் வகுக்கக் கிடைக்கும் ஒன்றே முக்கால் கன அடி நீரை விலக்கும். ஒரு கன அடி நீரின் எடை 28.3 கிலோ. எனவே, ஓர் அங்குலத்திற்கு ஏறக்குறைய 50 கிலோ. படகின் எடை 40 கிலோ, என் எடை 65, பேரன் 40, மொத்தம் 145. அப்படியானால் நாங்கள் இருவரும் ஏறினால் படகு மூன்று அங்குலத்திற்குச் சற்றுக் குறைவாக அமிழ வேண்டும். பக்கத்தின் உயரம் பதினைந்து அங்குலம் ஆதலால், நீருக்கு மேல் பன்னிரண்டு அங்குலம் நிற்கும்.

நேயர்களே, இந்தக் கணக்கை நான் ஆண்டுக்கணக்காகக் கரும்பலகையில் எழுதியவன். மாணவர்கள் பிழையாகச் செய்தால் ஒரு மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். இப்போதோ, விடையின்மேல் என் மகளின் பிள்ளையை உட்காரவைக்க வேண்டியிருந்தது. அன்றிரவு அதே கணக்கை மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் அதே விடைதான் வந்தது. ஆனால், கணக்கு சரியாயிருப்பது வேறு; மூட்டுகள் சரியாயிருப்பது வேறு. ஆகவே, சோதனையின்றி எவரையும் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மேலும் ஒரு பாதுகாப்பைச் செய்தோம். மூடி இறுக்கிய பத்து லிட்டர் பிளாஸ்டிக் கேன்கள் எட்டினை, அணியத்தில் நான்கும் கடையாலில் நான்குமாக வைத்து, அசையாதபடி வார்களால் பிணைத்தோம். படகில் நீர் முழுதும் நிரம்பினாலும் இந்த எண்பது லிட்டர் காற்று அதை மூழ்கவிடாது. படகு கவிழ்ந்தால் அதை விட்டு நீந்திச் செல்லாமல் பற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது படகோட்டிகள் அனைவரும் ஒப்பும் விதி. அதற்குப் படகு மிதக்க வேண்டுமல்லவா?

மழைக்காலம் வந்தது. தீபம் கழிந்து, மார்கழியில், என் பழைய மாணவர் ஒருவருடைய நிலத்திலுள்ள பண்ணைக் குட்டைக்குப் படகை ஒரு சரக்கு வண்டியில் ஏற்றிச் சென்றோம். இடுப்பளவே நீருள்ள ஓரத்தில் முதலில் வெறும் படகை இறக்கினோம். ஆசாரியார் அதன் பக்கத்தில் அடியிலிருந்து அங்குலத்திற்கு ஒரு கோடாக முன்பே குறித்து வைத்திருந்தார். பின்னர் ஐம்பது கிலோவாக அரிசிக் கடைத் தராசில் நிறுத்துக் கட்டிய மணல் மூட்டைகள் மூன்றினை ஒவ்வொன்றாக வைத்தோம். படகோடு சேர்த்து 190 கிலோ. கணக்குப்படி நான்கு அங்குலத்திற்குச் சற்றுக் குறைய வேண்டும். நீர், நான்காம் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

ஆசாரியார் குனிந்து அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்கள் எழுதியதையேதான் தண்ணீரும் எழுதுகிறது, ஐயா” என்றார்.

ஒரு மணி நேரம் மூட்டைகளை அப்படியே விட்டுவைத்தோம். உட்புறம் உலர்ந்தே இருந்தது. மூட்டைகளை எடுத்துவிட்டு, வாளியால் நீரை மொண்டு படகை நிரப்பினோம். விளிம்பு வரை நிரம்பிய நிலையிலும் படகு நீர்மட்டத்தோடு மிதந்துகொண்டிருந்தது. அதைப் பற்றிக்கொண்டு மிதந்து பார்த்தான் பேரன். அந்தப் பயிற்சியைச் செய்துகாட்டிய பின்னரே, நீரை இறைத்துவிட்டு, உயிர்க்காப்புச் சட்டை அணிவித்து, கரையிலிருந்து நீண்ட கயிறு ஒன்றைக் கடையாலில் கட்டி, அவனை ஏற்றினேன். அவன் அதற்கு முன்பே அதே நிலத்துக் கிணற்றில், முதுகில் கேன் கட்டிக்கொண்டு நீந்தப் பழகியிருந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். நீச்சல் முதலில், படகு பின்னர். இந்த வரிசையை மாற்றலாகாது.

இப்படகினால் செய்யக்கூடாதவற்றையும் கூறிவிடுகிறேன். இது அசையா நீருக்கு உரியது. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, மீனவர்கள் தம் படகுகளைத் தெருக்களுக்குள் செலுத்தி எத்தனையோ உயிர்களைக் காத்தார்கள். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நிரம்பித் தென்பெண்ணை கரைபுரண்டதையும், எங்கள் மலைச்சரிவில் மண் சரிந்து எழுவர் மாண்டதையும் நாங்கள் கண்டோம். அத்தகைய நாளில் வீட்டுப் படகை எடுத்துக்கொண்டு ஓடும் வெள்ளத்தில் இறங்குவது வீரமாகாது. வெள்ளத்தில் படகு செலுத்துவது, அலையோடு பிறந்து வளர்ந்தவர்களின் கலை. அதற்கு நம் எட்டடிப் பெட்டி ஈடாகாது. பொது ஏரிகளிலும் குளங்களிலும் உரிய துறையினரின் அனுமதியின்றிப் படகை இறக்குவதும் தகாது. திருக்கோயில் குளங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. படகினுள் எழுந்து நிற்றல், அளவுக்கு மேல் ஆள் ஏற்றுதல், தனித்துச் செல்லுதல் ஆகிய மூன்றும் விலக்கப்பட வேண்டியவை.

1937-ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் ஒரு கருத்தை வற்புறுத்தினார். கைத்தொழிலைப் பாடத்தோடு கூடுதலாகச் சேர்க்கும் ஒரு பொருளாகக் கருதாமல், அதன் வழியாகவே மற்றப் பாடங்களையும் கற்பிக்க வேண்டும் என்பதே அது. ஆதாரக் கல்வி என்று பெயர் பெற்ற அத்திட்டத்தில் நூற்பு முதன்மை பெற்றது. ஆதாரப் பள்ளிகள் நம் நாட்டில் நிலைக்கவில்லை; அதற்குரிய காரணங்களை ஆராய்வதற்கு இது இடமன்று. ஆனால், அந்தக் கருத்து பழுதுபட்டதாக நான் எண்ணவில்லை. எங்கள் படகில் பரப்பளவும் கனஅளவும் எடையும் விகிதமும் இருந்தன. ஒட்டுப்பலகையின் வேதியியல் இருந்தது. மசூலாப் படகின் வரலாறும், அணியம் கடையால் என்ற அழகிய தமிழும் இருந்தன. இவற்றுக்கெல்லாம் மேலாக, கணக்கில் தேர்ந்த தலைமையாசிரியனும் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஆசாரியாரும் ஒரே பலகையின் இருபுறமும் குனிந்து, ஒருவரிடம் ஒருவர் ஐயம் கேட்டுக்கொண்ட சமத்துவம் இருந்தது. அதை என் பேரன் கண்ணாரக் கண்டான்.

எல்லோரும் நாளையே படகு கட்டத் தொடங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு நல்ல மிதிவண்டியின் விலையை ஒட்டிய செலவும், ஒரு கோடைக்கால உழைப்பும், பாதுகாப்பான நீர்நிலையும் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு படகு கட்டலாம். அதுவும் இயலாவிட்டால், பள்ளி அறிவியல் வகுப்பில் ஒரு தகர டப்பாவை நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டு, கூழாங்கற்களை ஒவ்வொன்றாக இட்டு, எத்தனையாவது கல்லில் மூழ்கும் என்று முன்கூட்டியே கணக்கிடச் சொல்லலாம். விடையை ஆசிரியர் திருத்த வேண்டியதில்லை; தண்ணீரே திருத்திவிடும்.

ஆனால், எவர்க்கும் இயலக்கூடிய ஒன்றை மட்டும் வேண்டிக்கொள்கிறேன். உங்கள் ஊர்க் கிணற்றடியிலும் குளக்கரையிலும் ஏரி மதகின் அருகிலும், மூடி இறுக்கிய காலிக் கேன் ஒன்றையும், அதில் முடிந்த அறுபதடிக் கயிறு ஒன்றையும் தொங்கவிடுங்கள். எவரேனும் நீரில் தத்தளித்தால், நீந்தத் தெரியாதவர் குதித்து இரண்டாவது உயிரையும் இழக்க வேண்டாம். கேனை அவர் கைக்கெட்டும்படி எறிந்துவிட்டுக் கரையிலிருந்து இழுத்தால் போதும். பத்து லிட்டர் காற்று, ஒரு மனிதனின் தலையை நீருக்கு மேல் நிறுத்தப் போதுமானது. தலை நீருக்கு மேல் நின்றால் மூச்சு நிற்கும். மூச்சு நின்றால் உதவி வரும் வரையில் உயிர் நிற்கும். இதை உங்கள் வீட்டுச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்; சொல்லிக்கொடுத்ததோடு நில்லாமல், கயிற்றை அவர்கள் கையில் தந்து ஒருமுறையேனும் எறிந்து பழகச் செய்யுங்கள்.